புகையடுப்புக்காகப் பழைய தாங்கி வாங்குவோர் கவனத்துக்கு: வண்ணத்தின் கீழே நாகப்பூச்சு இருக்கலாம்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் பழைய இரும்புத் தாங்கியை வெட்டி பாபிகியூ புகையடுப்புச் செய்விக்க எண்ணியிருப்பவர்கள், முற்பணம் கொடுப்பதற்கு முன் இதை வாசிக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். கல்முனைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில், நெடுஞ்சாலையோரத்தில் பழைய இரும்புக் கடையையும் வெல்டிங் பட்டறையையும் சேர்த்து நடத்தும் ஒருவர், எனக்கு ஒரு தாங்கியைக் காட்டிப் பணம் வாங்கிக்கொண்டு, வேறொரு தாங்கியை வெட்டி, அதற்கு வண்ணம் பூசி, நான் பார்த்தது அதுவே என்று சொல்லி ஒப்படைத்தார். ஒப்படைக்கப்பட்டது, துருப்பிடிக்காமலிருக்க நாகம் (சிங்க் என்ற உலோகம்) பூசிய, உணவுக்குப் பயன்படுத்தவே கூடாத தாங்கி. அவருடைய பெயரையோ கடையின் பெயரையோ இங்கே எழுதவில்லை. ஏமாற்றிய முறையை அறிந்துகொண்டால் எந்தக் கடையிலும் உங்களால் தப்பிக்க முடியும்.

அறுகம் குடாவில் சிறிய விருந்தினர் விடுதி நடத்தும் என் மைத்துனருக்காகவே இந்த அடுப்பைச் செய்வித்தேன். ஏப்ரலில் தொடங்கும் அலைச்சறுக்குக் காலத்துக்கு வருகிற வெளிநாட்டவர்களுக்கு, பாரையும் சூரையும் கோழியும் மெதுவாகப் புகையில் வெந்து கிடைக்க வேண்டும் என்பது அவருடைய விருப்பம். சூரையை அவித்து, புகையூட்டி, வெயிலில் காயவைத்து உண்டாக்கும் மாசிக்கருவாட்டை அன்றாடம் சம்பலில் இடித்துச் சேர்க்கிற நமக்குப் புகையின் சுவை புதிதல்ல. ஆனால் இவ்வகை அடுப்பு வேறு முறையில் வேலை செய்கிறது. பக்கத்தில் இணைக்கப்பட்ட தீயறையில் விறகு எரிய, அதன் வெப்பமும் புகையும் பெரிய தாங்கிக்குள் சென்று, இறைச்சியைத் தழுவி, மறுமுனையிலுள்ள புகைபோக்கியால் வெளியேறும். உள்ளே 110 முதல் 135 பாகை செல்சியஸ் வரையான வெப்பம் பல மணிநேரம் தளராமல் நிற்க வேண்டும். அதற்குத் தடித்த இரும்பு வேண்டும், ஏனென்றால் மெல்லிய தகடு கடற்காற்று ஒருமுறை வீசினாலே சூட்டை இழந்துவிடும். ஆறு மில்லிமீற்றர் தகடு என்றால் மிக நல்லது.

கடையில் எனக்குக் காட்டப்பட்டது டயர் கடைகளில் பயன்படும் பழைய கொம்பிரசர் தாங்கி. 45 சென்ரிமீற்றர் விட்டமும் 120 சென்ரிமீற்றர் நீளமும் கொண்டது. வேலையழுத்தம் பொறிக்கப்பட்ட உலோகப் பட்டி அதன் மேலேயே இருந்தது. கழற்றிய வால்வுத் துளையினூடாகக் கைவிளக்கை அடித்துப் பார்த்தபோது உள்ளே கறுத்த வெறும் இரும்பும் செந்துருவும் தெரிந்தன. இத்தகைய தாங்கிக்குள் காற்றும் சிறிது எண்ணெயும் மட்டுமே இருந்திருக்கும். அந்த எண்ணெயை முதல் தீயிலேயே எரித்துவிடலாம். தாங்கிக்கும் கூலிக்குமாக 85,000 ரூபாய் பேசி, 40,000 ரூபாய் முற்பணம் கொடுத்தேன். பற்றுச்சீட்டுக் கேட்டேன். கடையின் பெயரில்லாத வெள்ளைத் தாளில் தொகையை மட்டும் எழுதி, 'மற்றதெல்லாம் நான் பொறுப்புத் தம்பி' என்று சொல்லி நீட்டினார். 'தாங்கி' என்ற சொல்லையாவது எழுதும்படி நான் வற்புறுத்தியதால் அதை மட்டும் சேர்த்தார். அந்த ஒரு சொல் பின்னர் எனக்கு உதவியது.

சொன்ன நாள் கடந்து பல தவணைகளுக்குப் பிறகு அடுப்பு வந்தது. உள்ளும் புறமும் வெள்ளி நிற அலுமினிய வண்ணம் பூசப்பட்டிருந்தது. உள்ளே வண்ணம் பூசக்கூடாது, சமையல் எண்ணெய் தடவிச் சூடேற்றிக் கறுப்பேற்றுவதுதான் முறை என்று முன்பே தெளிவாகச் சொல்லியிருந்தேன். லொறியிலிருந்து அதை இரண்டு பேர் சிரமமின்றி இறக்கினார்கள். ஆறு மில்லிமீற்றர் இரும்புத் தகடு ஒரு சதுர மீற்றருக்கு 47 கிலோகிராம் எடையுள்ளது. அந்தத் தடிப்பில், நான் பார்த்த அளவுள்ள தாங்கி இரண்டு மூடிமுனைகளுடன் ஏறத்தாழ 95 கிலோ இருக்க வேண்டும். தீயறையும் கால்களும் சேர்ந்தால் நான்கு பேர் திணற வேண்டும். சந்தேகத்தைச் சொன்னபோது கடைக்காரர் சட்டைப் பையிலிருந்து காந்தத் துண்டொன்றை எடுத்துத் தாங்கியில் ஒட்டிக் காட்டினார். 'இஞ்ச பாருங்க தம்பி, காந்தம் பிடிக்குது. அசல் இரும்பு.'

இந்தக் காந்த வித்தையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் பலரும் இதை நம்பிவிடுகிறார்கள். அலுமினியத்தையும் சமையலறைத் துருப்பிடிக்கா உருக்கில் பலவகைகளையும் காந்தம் பிடிக்காது. அவற்றை இரும்பிலிருந்து பிரித்தறியவே அது பயன்படும். நாகப்பூச்சுள்ள தகடு, அதாவது கல்வனைஸ் தகடு, அடியில் இரும்பேதான். மேலே நாகம் ஒரு மெல்லிய தோலாக மட்டும் படிந்திருப்பதால் காந்தம் அதை நன்றாகவே பிடிக்கும். காந்தம் ஒட்டுவதைக் கொண்டு தாங்கியில் நாகம் இல்லை என்று யாரும் நிரூபிக்க முடியாது.

முதல் தீயை என் வீட்டு முற்றத்தில், உணவு எதுவும் வைக்காமல் மூட்டினேன். அரை மணிநேரத்துக்குள் தீயறையின் உட்புற வண்ணம் கொப்புளித்து உரிந்தது. உரிந்த இடத்தில் தெரிந்தது கறுத்த இரும்பல்ல. சாம்பல் நிறத்தில் பூப்பூவாகப் படிந்த பளபளப்பு. சூடு ஏற ஏற அதன்மேல் மஞ்சள் நிறப் பொடி படர்ந்தது. தீ தணிந்து ஆறியபோது அதே பொடி வெள்ளையாக மாறியது. சூட்டில் மஞ்சளாகவும் ஆறினால் வெள்ளையாகவும் தோன்றுவது நாக ஒட்சைட்டின் இயல்பு. அரத்தால் ஒரு மூலையை உராய்ந்தபோது மேலே மென்மையான வெண்ணிற உலோகம் சுரண்டிக்கொண்டு வந்தது. அதன் கீழேதான் இரும்பு. விடுதிகளில் தண்ணீர்ப் பம்புடன் பொருத்தப்படும் நாகப்பூச்சுள்ள அழுத்தத் தாங்கி அது. உப்புக் காற்றுள்ள நமது கரையோரத்தில் தண்ணீர்க் குழாய்க்கும் கூரைத் தகட்டுக்கும் வேலிக்கும் நாகப்பூச்சு மிகவும் நல்லது. அதனால்தான் இத்தகைய பழைய தாங்கிகள் இங்கே எளிதில் கிடைக்கின்றன. நெருப்புக்கு மட்டும் அது ஆகாது.

நியாயம் கேட்டுப் போனபோது அவர் முதலில் மறுத்தார். பிறகு, நாகம் இருந்தாலும் பாதகமில்லை, சமையல் சூட்டில் அது ஆவியாகாது என்று வாதிட்டார். இது பாதி உண்மை என்பதால்தான் ஆபத்தானது. நாகம் உருகுவது ஏறத்தாழ 420 பாகையில், கொதிப்பது 907 பாகையில்; இறைச்சி இருக்கும் அறையில் அவ்வளவு சூடு இருக்காது என்பது சரி. ஆனால் அவர் தீயறையையும் அதே தாங்கியின் வெட்டிய துண்டிலிருந்து செய்திருந்தார். ஊதிக் கனன்று எரியும் விறகுத் தணலுக்கு அருகில் நாகம் உருகவும் புகையாக எழவும் போதிய சூடு உண்டு. அந்தப் புகை போவதற்கு இறைச்சி இருக்கும் அறையைத் தவிர வேறு வழியில்லை. மேலும், விறகுப் புகையில் அசற்றிக் அமிலம் உண்டு. அது ஈரத்தோடு சேர்ந்து குளிர்ந்த சுவர்களில் படியும்போது நாகத்தைக் கரைத்து, சொட்டுச் சொட்டாக மீனின்மேல் விழச்செய்யும். போதாக்குறைக்கு, இறைச்சி வைப்பதற்கென்று அவர் பொருத்தியிருந்த தட்டு, கோழிக்கூட்டுக்கு அடிக்கும் நாகப்பூச்சு வலை. எலுமிச்சையும் புளியும் தடவிய மீன் நேரடியாக அதன்மேல் கிடக்க வேண்டியிருந்திருக்கும். நாகம் கரைந்த உணவு குமட்டலையும் வாந்தியையும் வயிற்று வலியையும் உண்டாக்கும்.

இவை எல்லாவற்றையும்விட என்னைக் கோபப்படுத்தியது பட்டறையில் வேலை செய்த பையனுக்கு நேர்ந்தது. என் தாங்கியை வெட்டி ஒட்டியவன் அவன்தான். முகத்தில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு, தகரக் கூரையின் கீழ் நின்று செய்திருக்கிறான். அன்றிரவே குளிரும் நடுக்கமும் காய்ச்சலும் வர, வாயில் உலோகச் சுவை தட்ட, டெங்கு என்று பயந்து இரத்தப் பரிசோதனை செய்திருக்கிறார்கள். டெங்கு இல்லை, ஓரிரு நாளில் காய்ச்சல் விட்டது. நாகப்பூச்சின்மேல் வெல்டிங் செய்யும்போது எழும் வெண்புகையைச் சுவாசிப்பவர்களுக்கு, சில மணிநேரம் கழித்து இப்படிக் காய்ச்சல் வந்து ஓரிரு நாளில் மாறுவது தொழில் மருத்துவம் நன்கறிந்த நோய். உலோகப் புகைக் காய்ச்சல் என்பார்கள். பால் குடித்தால் போதும் என்று முதலாளி சொல்லி அனுப்பியதாக அந்தப் பையனே என்னிடம் சொன்னான். மூச்சில் போனதைப் பால் தடுக்காது. ஒட்டும் இடத்தில் பூச்சை முன்னதாகவே அரைத்து அகற்றி, காற்றோட்டமான வெளியில், உரிய முகமூடியுடன் செய்ய வேண்டிய வேலை அது. வண்ணத்தால் மறைத்தது என்னை மட்டும் ஏமாற்றவில்லை, அந்தப் பையனையும் நோயில் தள்ளியது.

கைவேலையும் மோசமாகவே இருந்தது. ஏறத்தாழ 190 லீற்றர் கொள்ளும் தாங்கிக்குத் தீயறை அதில் மூன்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும்; இங்கே அந்தப் பங்கின் பாதியளவுகூட இல்லை. கதவை முழுவதுமாக வெட்டி எடுத்த பிறகே கீல் பொருத்தியிருக்கிறார்கள். உருளைத் தகட்டை வெட்டியதும் அதன் வளைவு விரிந்துகொள்ளும். ஒரு பக்கம் மட்டும் வெட்டி, கீலை ஒட்டி, அதற்குப் பிறகு மற்றப் பக்கங்களை வெட்டினால்தான் கதவு பொருந்தி மூடும். என் கதவில் விரல் நுழையும் இடைவெளி இருந்தது.

நாகத்தை நீக்கித் தருவதாக அவர் சொன்ன வழியையும் குறிப்பிட வேண்டும். 'ஒரு நாள் முழுக்க விறகு போட்டு எரிச்சா எல்லாம் போயிரும் தம்பி' என்றார். யார் சொன்னாலும் இதைச் செய்யாதீர்கள். எரிப்பது அந்தப் பூச்சை அதே வெண்புகையாக அயல்வீட்டுக் குழந்தைகளின் மூச்சுக்குள் அனுப்பும்; தகட்டில் எஞ்சியது எஞ்சியபடியே இருக்கும்.

தாங்கி தேடிப் போகிறவர்கள் பழைய இரும்பு நிறுத்து விற்கப்படும் பொருள் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடையில் தராசு இருந்தும் நிறுக்காமல் மொத்த விலை சொன்னால், தகட்டின் தடிப்பை மறைக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். புதிதாக வண்ணம் பூசிய தாங்கியை, கிரைண்டரால் உள்ளங்கை அகலத்துக்கு அரைத்துக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் திரும்பி வந்துவிடுங்கள். நீங்கள் தெரிவுசெய்த தாங்கியில் உங்கள் கண்முன்னே உளியால் அடையாளம் வெட்டுவித்து, அதே அடையாளத்தைப் பற்றுச்சீட்டில் எழுதச் செய்து, படமும் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வெட்டு உங்கள் முன்னிலையில் நடக்கட்டும். சமையல் எரிவாயு உருளையைக் குறைந்த விலைக்குத் தருவதாகச் சொன்னால் வாங்க வேண்டாம். அது வைப்புப் பணத்துக்குக் கொடுக்கப்படும் கம்பனியின் சொத்து, வால்வைக் கழற்றித் தண்ணீர் நிரப்பாமல் வெட்டினால் வெடிக்கவும் கூடும். பெற்றோல், டீசல் இருந்த தாங்கிகளும், முன்பு என்ன இருந்தது என்று சொல்லத் தெரியாத இரசாயனப் பரல்களும் எந்த விலைக்கும் வேண்டாம். தட்டுக்குத் துருப்பிடிக்கா உருக்குக் கம்பியையே கேளுங்கள். பழைய குளிர்சாதனப் பெட்டியின் தட்டுகளில் நச்சான கட்மியப் பூச்சு இருக்கலாம்.

ஏமாற்றப்பட்டுவிட்டால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்துமூலம் முறையிடலாம். பொருளை வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு போய்ச்சேர வேண்டும்; 1977 என்ற இலக்கத்தில் விசாரித்தும் கொள்ளலாம். வாங்குபவர் கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுப்பது வியாபாரியின் கடமை என்பதும் அந்தச் சட்டத்திலேயே உள்ளது. நான் இதை எங்கள் பிரதேச மத்தியஸ்த சபைக்கும் கொண்டுபோனேன். 'தாங்கி' என்று எழுதிய அந்தத் தாளையும், முதலில் காட்டிய தாங்கியின் படத்தையும், அரத்தால் உராய்ந்த துண்டையும் மேசையில் வைத்த பிறகு, கூலி முழுவதையும் தவணைகளில் திருப்பித் தர அவர் உடன்பட்டார். முதல் தவணை கிடைத்திருக்கிறது. தாங்கியை மீளத் தந்தால் இன்னும் கொஞ்சம் சேர்த்துத் தருவதாகவும் சொன்னார். அதற்கு நான் இணங்கவில்லை. வேறொருவருக்கு மறுபடி வண்ணம் பூசிக் கொடுப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்துவிட்டேன்.

ஆனால் அதே தொகுதியைச் சேர்ந்த வேறு தாங்கிகள் அந்த வளவில் இன்னும் கிடக்கின்றன. எல்லாம் ஒரே அளவு. எல்லாவற்றுக்கும் வெள்ளி வண்ணம். ஒரு மூடிமுனையின் நடுவில் தண்ணீர்க் குழாய் நுழைந்த திருகுத் துளையை வட்டத் தகட்டால் அடைத்து ஒட்டிய தழும்பு இருக்கும். வேலையழுத்தம் பொறித்த உலோகப் பட்டி இருக்க வேண்டிய இடத்தில் நான்கு ஆணித் துளைகள் மட்டுமே உண்டு. அப்படி ஒன்றை உங்களுக்குக் கொம்பிரசர் தாங்கி என்று காட்டினால், கிரைண்டரைக் கேளுங்கள்.