வயலை அளக்கச் சொன்னால் சாலையை அளக்கிறது: மூன்று வருட அனுபவம்

கனெக்டர் ஆட்டம் கண்டு பழுதுக்குப் போயிருந்த நியூட்ரான் ரோவர் போன வாரம்தான் திரும்பி வந்தது. வண்டியில் வைத்து ஓட்டிப்போனால், மண்ணிலிருந்து மேலெழும் நியூட்ரான்களை எண்ணி மண்ணின் ஈரத்தைச் சொல்லும் கருவி அது. அன்றைக்கே நண்பர் ஒருவர், "நாங்களும் ஒன்று வாங்கலாமா?" என்று கேட்டார். எரிச்சலில் ஏதோ சொல்லி வைத்துவிட்டேன். இது நிதானமான பதில்.

மண்ணில் நீர் கூடினால் ஹைட்ரஜன் நியூட்ரான்களின் வேகத்தைத் தணிக்கும், எண்ணிக்கை குறையும். அது தெரிந்த கதைதான். எனக்குப் பிடித்தது, குத்த வேண்டியதில்லை என்பது. முன்பு டிடிஆர் கம்பியை (மண்ணில் குத்தி, மின்துடிப்பு அனுப்பி ஈரம் பார்க்கும் கம்பி) காய்ந்த மண்ணில் இறக்கி எத்தனை முறை வளைத்திருப்பேன்! கம்பியை ஒட்டி மயிரிழை இடைவெளி விழுந்தாலும் அளவு பொய். ஓரடி தள்ளிக் குத்தினால் வேறொரு எண். ரோவருக்கு அந்தத் தொல்லையே இல்லை. நூறு மீட்டருக்கு அப்பாலிருந்தும் சேதி வரும்.

ஆனால் காலடியிலிருந்து வரும் சேதிதான் அதற்கு உரக்கக் கேட்கும். வண்டியின் காலடியில் இருப்பது சாலை.

ஒரு நாள் இருபுறமும் அப்போதுதான் நீர் பாய்ச்சிய வயல், நடுவே தார்ச்சாலை. திரையில் ஈரம் 19 சதவீதம். இறங்கி ஒரு பிடி மண்ணை அள்ளிப் பிசைந்தேன், விரலிடுக்கில் தண்ணீர் கசிந்தது. வண்டியை வயலோரத்து மண்தடத்தில் இறக்கினேன். 28.

திருத்தம் இல்லாமல் இல்லை. 2018இல் ஆய்வாளர் மார்ட்டின் ஷ்ரோனும் குழுவினரும் இந்தச் சாலைக் கோளாறை ஆராய்ந்து சமன்பாடே கொடுத்துவிட்டார்கள். சாலையின் அகலம் கேட்கும், சரி. சாலைப் பொருளின் ஈரம் கேட்கும், அதுவும் சரி. அப்புறம் வயலின் ஈரம் தோராயமாக எவ்வளவு என்றும் கேட்கும். அதைத் தெரிந்துகொள்ளத்தானே ஐயா வண்டியையே எடுத்தேன்!

விரட்டி ஓட்டவும் முடியாது. ஒரு நிமிடத்தில் 100 நியூட்ரான் எண்ணினால் அந்த எண்ணிக்கையில் பிழை 10 சதவீதம். அதைப் பாதியாக்க 400 வேண்டும், அதாவது நான்கு நிமிடம். ஈர மண்ணில் இன்னும் மோசம்: எண்ணிக்கையும் குறைவு, சின்னப் பிழையும் ஈர அளவில் பெரிதாக விழும். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடிப்பதில் தப்பே இல்லை. காற்றழுத்தம், காற்றின் ஈரப்பதம் திருத்தங்களை மென்பொருள் ஒழுங்காகப் பார்த்துக்கொள்கிறது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

நண்பருக்குச் சொல்வது இதுதான்: வயலுக்குள் வண்டி இறங்க வழியில்லை என்றால் வாங்காதீர்கள். எங்களுடையதை இரவல் கேட்டாலும் தரமாட்டேன். நாளைக் காலை நான் எடுத்துப்போக வேண்டும், ராத்திரி மழை பெய்திருக்கிறது.