மனச்சோர்வுக்கு ‘ஆழ்மன சிகிச்சை’ என்று பெரியவர்களைக் கூட்டிப்போகும் முன் இதைப் படியுங்கள்

கேரளத்துப் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, சித்தூர், வேலந்தாவளம் பக்கத்துக்காரர்களுக்காக எழுதுகிறேன். ஆழ்மன சிகிச்சை, ஹிப்னோதெரபி (ஹிப்னாடிச சிகிச்சை) என்று போர்டு மாட்டிய ஒரு கவுன்சிலிங் சென்டரில் என் அம்மாவுக்கு நடந்தது இது.

அம்மாவுக்கு வயது 68. அப்பா போன பிறகு சோறு இறங்கவில்லை, குளிக்கக்கூட எழுந்திருக்க மாட்டார். மனச்சோர்வு என்று டாக்டர் மாத்திரை கொடுத்தார், கொஞ்சம் தேறினார். ஆனால் அம்மாவுக்குப் பழைய பாரம் ஒன்று உண்டு. தாயில்லாப் பிள்ளை என்று ஏழு வயதில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் வேலைக்கு விட்டுவிட்டார்கள். அடியும் பட்டினியும் போக, நெல் பத்தாயம் இருந்த இருட்டறையில் வைத்துப் பூட்டுவார்களாம். இன்றைக்கும் லைட்டை அணைத்தால் தூங்க மாட்டார். வெளியே யாராவது தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டால் உடம்பு விறைத்துப்போகும்.

“இந்த வயசுல, அதுவும் சின்ன வயசுக் காயம்னா சாதாரண ட்ரீட்மெண்ட் எடுபடாது” என்றார் சென்டர்காரர். பெயருக்கு முன்னால் டாக்டர் பட்டம். 10 சிட்டிங் பேக்கேஜ் 18,000 ரூபாய், முழுதும் முன்பணம். ரசீதில் பதிவு எண் எதுவும் கிடையாது.

முதல் சிட்டிங்கிலேயே திரையை இழுத்து, லைட்டை அணைத்து, “அந்த ரூமுக்குள்ள போங்க, என்ன தெரியுது?” என்று மலையாளத்தில் கேட்டிருக்கிறார். அம்மாவுக்குக் கடைக்குப் போய்வரும் அளவுக்குத்தான் மலையாளம் வரும். வெளியே வந்தபோது ஜாக்கெட் முழுக்க வியர்வை, முந்தானையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். “அந்த ரூமுக்கே திருப்பி அனுப்பறாங்க கண்ணு, வேண்டாம்” என்றார். அந்த ஆளோ வரவேற்பறையில் நாலு பேர் முன்னால், அம்மா உள்ளே சொன்னதையெல்லாம் எனக்கு விவரித்தார். “விஷம் வெளியே வருது, நல்லதுதான்” என்றார். மாத்திரை ஆழ்மனதை அடைக்கிறது, நிறுத்துங்கள் என்று அம்மாவிடம் தனியாகச் சொல்லியிருக்கிறார். எங்களுக்கே தெரியாமல் அம்மாவும் நிறுத்திவிட்டார். ராத்திரியெல்லாம் உட்கார்ந்தே இருந்தார், எழுந்தால் தலைசுற்றல், ஒரே பதற்றம். இந்த மாத்திரைகளைச் சட்டென்று விட்டால் இப்படி ஆகும் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

சரியான சிகிச்சையை அப்புறம்தான் பார்த்தோம். டாக்டர் முதலில் தைராய்டும் வைட்டமின் பி12-உம் பரிசோதிக்கச் சொன்னார், அவை குறைந்தாலும் பெரியவர்களுக்குச் சோர்வு வரும் என்பதால். தமிழ் பேசும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் (பேச்சு சிகிச்சை தரும் மனநல நிபுணர்) ஒருவர், முதியோர் மனச்சோர்வுக்கென்றே உள்ள 15 ஆமாம்-இல்லைக் கேள்விகளைக் கேட்டார். இருட்டறையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. தூக்கம், சாப்பாடு, முன்பு எதில் பிரியம் என்று கேட்டு, தினமும் கொல்லையில் கொஞ்ச நேரம், வாரம் ஒரு தடவை சந்தை என்று ஆரம்பித்தார். பயம் வரும்போது காலைத் தரையில் அழுத்தி, சுற்றியிருக்கிற பொருள்களைப் பெயர் சொல்லி எண்ணப் பழக்கினார். கையைத் தூக்கினால் பேச்சை நிறுத்திவிடுவேன் என்று வாக்கும் கொடுத்தார். அதெல்லாம் பழகிய பிறகு, அம்மாவாக வாய் திறந்தபோதுதான் அந்த வீட்டுக் கதை வந்தது. பெரியவர்களைத் தேற்றுவது இப்படித்தான், பதமாக. சாதாரண ட்ரீட்மெண்ட் எடுபடாது என்று சென்டர்காரர் சொன்னதும் பொய். சிறுவயதில் கொடுமைப்பட்டவர்களுக்கும் மருந்தும் பேச்சு சிகிச்சையும் மற்றவர்களைப் போலவே பலன் தருகின்றன என்று பல ஆய்வுகளைத் தொகுத்து 2022-இல் லான்செட் சைக்கியாட்ரி என்ற மனநல மருத்துவ இதழில் வெளியிட்டிருக்கிறார்கள்.

கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று சொல்பவரிடம் இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள். கேட்டால் முகம் சுளிக்கிறவரிடம் உட்காராதீர்கள். மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ எழுதிக்கொடுத்த டாக்டரால்தான் முடியும். உள்ளே பேசியதை ரகசியமாக வைப்பது தயவு இல்லை, 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளிக்குத் தந்த உரிமை. செலவுக்கு வழியில்லாதவர்கள் அரசு ஆஸ்பத்திரியில் மாவட்ட மனநலத் திட்ட கிளினிக் என்றைக்கு என்று விசாரியுங்கள். 14416-க்கு அடித்தால் டெலி மானஸ் என்ற அரசு மனநல போன் உதவியில் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம்.

பணத்தைக் கேட்டதற்கு, மீதி சிட்டிங்கை வீட்டில் வேறு யாராவது எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறோம். 5 லட்சம் வரை கொடுத்த பணத்துக்கு மனுக் கட்டணம் கிடையாது. ரசீது, வாட்ஸ்அப் செய்தி இரண்டும் கையில் இருந்ததால்தான் மனு எழுத முடிந்தது. உங்களிடம் இருந்தால் அழிக்காமல் வையுங்கள்.