யூட்டா, அரிசோனா பாலைவனப் பயணத்துக்கு முன்பணம் கட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்

2023 அக்டோபரில், ஊரிலிருந்து வந்திருந்த என் பெற்றோரையும் மனைவியையும் அழைத்துக்கொண்டு, லாஸ் வேகஸில் தொடங்கி யூட்டாவின் ஸயான், பிரைஸ் தேசியப் பூங்காக்கள், அரிசோனாவின் பேஜ் என்ற ஊர், கிராண்ட் கேன்யன் என்று ஐந்து நாள் கார்ப் பயணம் போனோம். திட்டத்தையும் முன்பதிவுகளையும் ஒரு பயண ஏற்பாட்டாளரிடம் ஒப்படைத்திருந்தேன். அவர் பெயரை நான் இங்கே எழுதவில்லை. ஆனால் அவர் செய்த முறையை ஒன்று விடாமல் எழுதுகிறேன், ஏனென்றால் அதே முறையில் இன்னும் பல குடும்பங்கள் ஏமாறக்கூடும்.

அவர் தமிழில் பேசினார். அம்மாவின் முழங்கால் வலியை விசாரித்து, படி ஏற வேண்டாத இடங்களாகவே தேர்ந்தெடுத்துத் தருவதாகச் சொன்னார். விடுதிக்கும் வாடகைக் காருக்கும் கடன் அட்டையில் பணம் வாங்கிக்கொண்டார். நுழைவுச்சீட்டுகளுக்கு மட்டும், வங்கியிலிருந்து நேரடியாக அனுப்பினால் ஐந்து விழுக்காடு தள்ளுபடி என்றார். நால்வருக்கும் சேர்த்து 1,200 டாலர், தள்ளுபடி போக 1,140 டாலர் என்று கணக்கு வந்தது, மறுபேச்சில்லாமல் அனுப்பிவிட்டேன்.

முதல் சந்தேகம் ஸயான் பூங்காவின் வாயிலிலேயே எழுந்தது. ஆளுக்கு 35 டாலர் என்று எங்களிடம் வாங்கியதற்கு அவர் கொடுத்திருந்த தாளை நீட்டினேன். கூண்டுக்குள் இருந்த வனக்காவலர் அம்மையார் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, இப்படி ஒரு சீட்டு தங்கள் துறையில் கிடையாது என்றார். கட்டணம் ஆளுக்கு அல்ல, காருக்கு. 35 டாலர் கட்டினால் காரில் உள்ள எல்லோரும் ஏழு நாள் வரை வந்து போகலாம். அடுத்து பிரைஸுக்கும் கிராண்ட் கேன்யனுக்கும் போவதாக இருந்தால் 80 டாலருக்கு ஆண்டுச் சீட்டு வாங்குவதே லாபம் என்று பொறுமையாக விளக்கினார். நான் அதை வாங்கி, அட்டையின் பின்புறம் கையெழுத்திட்டேன். ஸயானுக்கும் பிரைஸுக்கும் எங்களிடம் வாங்கியிருந்தது 280 டாலர். உள்ளே போனதும் இன்னொன்றும் தெரிந்தது: பள்ளத்தாக்குச் சாலையில் ஆண்டின் பெரும்பகுதி சொந்தக் கார்களை விடமாட்டார்கள், பூங்காவின் பேருந்தில்தான் போக வேண்டும், அந்தப் பேருந்து எல்லோருக்கும் இலவசம். அதற்கும் ஆளுக்கு 20 டாலர் என்று எங்கள் ரசீதில் எழுதியிருந்தது. (இவை 2023ஆம் ஆண்டுக் கட்டணங்கள். 2026 ஜனவரி முதல் அமெரிக்காவில் வசிக்காதவர்களுக்குத் தனியாகக் கூடுதல் கட்டணம் வந்திருப்பதால், பெற்றோரை அழைத்துச் செல்பவர்கள் தேசியப் பூங்காத் துறையின் இணையதளத்தில் நேரடியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.)

அன்றிரவே அவரை அழைத்தேன். அலுவலகத்தில் ஏதோ குழப்பம், ஊருக்குத் திரும்பியதும் சரிசெய்துவிடலாம் என்றார். பேஜ் அருகே உள்ள குறுகிய பாறைப் பிளவான ஆண்டலோப் கேன்யனுக்கான முன்பதிவையும் அப்போதே சரிபார்த்திருக்க வேண்டும். பிரைஸில் செந்நிறப் பாறைத் தூண்களைப் பார்த்த மகிழ்ச்சியில் அதை விட்டுவிட்டேன்.

ஆண்டலோப் கேன்யன் தேசியப் பூங்கா அல்ல. அது நவஹோ என்ற பழங்குடி மக்களின் நிலம். அங்கே அவர்கள் அனுமதித்த வழிகாட்டியோடு மட்டுமே இறங்க முடியும், தேசியப் பூங்காச் சீட்டு செல்லாது. கெடுபிடிக்குக் காரணம் இருக்கிறது. 1997 ஆகஸ்ட் 12 அன்று, எங்கோ தொலைவில் பெய்த மழை அந்தக் குறுகிய பாறைப் பிளவுக்குள் திடீர் வெள்ளமாக வந்து பதினொரு பயணிகளை அடித்துக்கொண்டு போனது. வானம் தெளிவாக இருக்கிறது என்பதற்காக யாரையும் உள்ளே விடமாட்டார்கள், கூட்டத்தில் நாலு பேரைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளவும் மாட்டார்கள்.

எங்கள் திட்டத்தில் காலை பத்து மணி என்று போட்டிருந்தது. ஆளுக்கு 125 டாலர். பேஜ் நேரப்படி ஒன்பது மணிக்கே முகப்பில் நின்றோம். அங்கிருந்த பெண் எங்கள் தாளில் இருந்த எண்ணைக் கணினியில் அடித்துப் பார்த்தார். பிறகு அன்றைய பெயர்ப் பட்டியலை அச்சிட்டு எடுத்து, பென்சில் முனையால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டே கீழே வந்தார். இரண்டாம் முறையும் பார்த்தார். எங்கள் பெயர் இல்லை. அந்த எண் அவர்கள் வழங்கும் எண்ணின் வடிவத்திலேயே இல்லை. அன்றைக்கு எல்லா நேரமும் நிரம்பிவிட்டதாக அவர் வருத்தத்தோடு சொன்னபோது, அப்பா வெளியே பெஞ்சில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, எப்போது கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தார். அவரிடம் போய்ச் சொல்வதற்கு எனக்குக் கால் எழவில்லை.

ஏற்பாட்டாளர் தொலைபேசியில் சொன்ன பதில் இதுதான்: "அண்ணா, யூட்டாவுக்கும் அரிசோனாவுக்கும் டைம் வேற. நீங்க அதைக் கவனிக்காம லேட்டாப் போயிருப்பீங்க, ஸ்லாட் கேன்சல் ஆயிருக்கும்." இந்தப் பதிலை நன்றாகக் கவனியுங்கள். அரிசோனாவில் கோடைக்காலத்துக்குக் கடிகாரத்தை மாற்றுவதில்லை. ஆகவே அக்டோபரில் யூட்டாவைவிட ஒரு மணி நேரம் பின்னால் இருக்கும். யூட்டா நேரத்தை மாற்றாமல் வந்தவர் ஒரு மணி நேரம் முன்னதாகத்தான் வந்து நிற்பாரே தவிர, தாமதமாக வரவே முடியாது. (நவஹோ நிலப்பகுதியில் கடிகாரத்தை மாற்றுவார்கள் என்பதால் கைப்பேசி அங்கே இரண்டு நேரத்துக்கும் இடையே தாவும், ஆண்டலோப் வழிகாட்டிகள் பேஜ் நேரத்தையே பின்பற்றுகிறார்கள்.) இதைச் சொன்னதும் அழைப்பைத் துண்டித்தார். அதன் பிறகு எடுக்கவே இல்லை.

அன்று மாலை மீதிச் சீட்டுகளை எடுத்து ஒவ்வொன்றாகப் படித்தேன். "கிராண்ட் கேன்யன்" என்று ஆளுக்கு 85 டாலர் வாங்கியிருந்த சீட்டு மட்டும் உண்மையானது, ஆனால் அது மேற்கு விளிம்புக்கானது. வாலபாய் பழங்குடியினர் நடத்தும் இடம் அது. 2007இல் திறந்த கண்ணாடிப் பாலம் அங்கேதான் இருக்கிறது. அவர்கள் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் எங்கள் திட்டத்தில் எழுதியிருந்தது கிராண்ட் கேன்யன் தேசியப் பூங்கா; அம்மா பார்க்க விரும்பியது தெற்கு விளிம்பு. இரண்டுக்கும் இடையே காரில் நான்கு மணி நேரத்துக்கும் மேலான தூரம். அந்த 340 டாலரைக் கைவிட்டு, ஸயானில் வாங்கிய ஆண்டுச் சீட்டோடு தெற்கு விளிம்புக்கே போனோம். அம்மா தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் பேசாமல் நின்றார்.

வீடு திரும்பியபின் அட்டை நிறுவனத்திடம் முறையிடப் போனபோதுதான் சூழ்ச்சி முழுதாகப் புரிந்தது. அட்டையில் கட்டிய விடுதியும் காரும் சரியாகவே கிடைத்திருந்ததால் அங்கே முறையிட ஒன்றுமில்லை. பொய்யான சீட்டுகள் அனைத்துக்கும் நேரடியாகப் பணம் அனுப்பியிருந்தேன். நானே விரும்பி அனுப்பிய பணத்தை மீட்டுத் தர வழியில்லை என்று வங்கி எழுத்தில் கொடுத்தது. ஐந்து விழுக்காடு தள்ளுபடி எதற்காக என்று அப்போது விளங்கியது.

ஆண்டலோப் போக விரும்புகிறவர்கள், நவஹோ பூங்காத் துறையின் இணையதளத்தில் உள்ள அனுமதி பெற்ற வழிகாட்டிகளின் பட்டியலைப் பார்த்து, உங்கள் பெயரிலும் உங்கள் மின்னஞ்சலிலும் நீங்களே பதிவு செய்யுங்கள். வேறொருவர் பதிவு செய்து தந்தால், புறப்படும் முன் அந்த வழிகாட்டி நிறுவனத்தையே அழைத்து எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

சென்ற வாரம் நண்பர் ஒருவர் வாட்ஸ்அப்பில் வந்த விளம்பரத்தை எனக்கு அனுப்பினார். பெயர் வேறு, படங்கள் அவையே, நேரடியாகப் பணம் அனுப்பினால் ஐந்து விழுக்காடு தள்ளுபடி, நான்காம் நாள் காலை பத்து மணிக்கு ஆண்டலோப் கேன்யன்.