மெல்போர்ன்ல எஜுகேஷன் சப்போர்ட் கோர்ஸ்: காசு குடுத்து படிக்கலாமா?

டார்னீட், பாயிண்ட் குக் பக்கத்து தமிழ் குரூப்ல மாசம் ஒருத்தராவது இந்த கேள்விய போட்டுடறாங்க. ஸ்கூல்ல டீச்சருக்கு உதவியா இருக்குற வேலைக்கு சர்டிஃபிகேட் 3 படிக்கலாமா, இங்கிலீஷ் ரொம்ப நல்லா இருக்கணுமா, ஆன்லைன்ல முடிச்சா போதுமான்னு. நான் படிச்சு முடிச்சு இப்ப ஒரு பிரைமரி ஸ்கூல்ல வேலையும் பாக்குறேன், அதனால ஒரே தடவையா எழுதிடறேன். படிச்ச இடத்தோட பேர் போடல, நல்லதும் சொல்லப்போறேன் திட்டவும் போறேன், யாரும் மெசேஜ்ல வந்து கேக்காதீங்க ப்ளீஸ்.

முதல்ல வேலைக்கு ஒவ்வொரு மாநிலத்துலயும் ஒவ்வொரு பேர், தேடும்போது குழம்பிடாதீங்க. விக்டோரியாவுல எஜுகேஷன் சப்போர்ட், சுருக்கமா இ.எஸ். நியூ சவுத் வேல்ஸ்ல எஸ்.எல்.எஸ்.ஓ (ஸ்கூல் லேர்னிங் சப்போர்ட் ஆஃபீசர்), குயின்ஸ்லாந்துல டீச்சர் எய்ட், அடிலெய்டுல எஸ்.எஸ்.ஓ (ஸ்கூல் சர்வீசஸ் ஆஃபீசர்), பெர்த்ல எஜுகேஷன் அசிஸ்டெண்ட். வேலை கிட்டத்தட்ட ஒண்ணுதான். கோர்ஸோட முழுப்பேர் ஸ்கூல் பேஸ்டு எஜுகேஷன் சப்போர்ட், கூடவே ஸ்கூல்ல 100 மணி நேரம் பிளேஸ்மெண்ட், அதாவது நேரடி வேலைப் பயிற்சி பண்ணணும், அதுக்கு முன்னாடி வொர்க்கிங் வித் சில்ட்ரன் செக், அதாவது பிள்ளைங்களோட வேலை பாக்க அரசாங்கம் சரிபாத்து குடுக்குற அனுமதி, கையில இருக்கணும்.

கம்யூனிகேஷன்னு தனி பாடமா பெருசா ஒண்ணு வராது, எல்லா யூனிட்லயும் தூவி வச்சிருக்காங்க. ஆனா வேலைக்கு போனப்புறம் பாத்தா முக்கால்வாசி வேலையே அதுதான். பிள்ளைங்ககிட்ட எப்படி பேசறது, டீச்சர்ட்ட எப்படி கேக்கறது, அம்மா அப்பாட்ட எதை சொல்லலாம் எதை சொல்லக்கூடாது, நடந்ததை எப்படி எழுதி வைக்கிறது. அந்த கண்ணோட்டத்துலதான் இந்த ரிவ்யூ.

குடுத்த காசுக்கு மதிப்பா இருந்தது நேர்ல நடந்த கிளாஸ்தான். எங்க டிரெய்னர் முன்னாடி ஸ்பெஷல் ஸ்கூல்ல வேலை பாத்தவங்க. வந்த முதல் வாரமே சொன்னது, நீங்க எல்லாரும் ரொம்ப பேசறீங்க, கம்மி பண்ணுங்கன்னு. எல்லாருக்கும் ஒரு மாதிரி ஆயிடுச்சு, பேச கத்துக்கத்தானே காசு கட்டினோம். அப்புறம் காரணத்த சொன்னாங்க. மேரி பட் ரோன்னு ஒரு அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1970கள்லயே கிளாஸ்ரூம்ல நடக்கிற பேச்ச பதிவு பண்ணி பாத்திருக்காங்க, டீச்சர் கேள்வி கேட்டுட்டு சராசரியா ஒரு செகண்டுதான் காத்திருக்காங்களாம், அதுக்குள்ள அடுத்த கேள்வி இல்லன்னா அடுத்த பிள்ளை. மூணு செகண்டுக்கு மேல பொறுத்தா பதில் நீளமா வருது, தெரியாதுங்கற பதில் குறையுது, எப்பவும் வாயே தொறக்காத பிள்ளைங்களும் சேந்து பேச ஆரம்பிக்குதுங்க. மூணு செகண்டு எல்லாம் ஒரு விஷயமான்னு நினைப்பீங்க, ரோல் பிளேல உக்காந்து பாருங்க, எதிர்ல ஒருத்தர் பேசாம இருக்கும்போது அது மூணு நிமிஷம் மாதிரி இருக்கு, வாய் தானா தொறந்துக்குது.

ஆட்டிசம் இருக்குற பிள்ளைங்க சிலருக்கு பத்து செகண்டு கூட ஆகும். இதுல நம்ம பழக்கம் ஒண்ணு இருக்கு, பதில் வரலன்னா அதே கேள்விய வேற வார்த்தையில திரும்ப கேப்போம், உதவின்னு நினைச்சுதான் கேக்கறோம், ஆனா அந்த பிள்ளைக்கு அது புது கேள்வி, முதல்லேருந்து யோசிக்கணும். திரும்ப சொல்லியே ஆகணும்னா அதே வார்த்தையில சொல்லுங்க. கோர்ஸ்ல நான் கத்துக்கிட்டதுலயே தினமும் உபயோகப்படறது இது ஒண்ணுதான்னு சொன்னாலும் தப்பில்ல.

அடுத்தது இன்ஸ்ட்ரக்ஷன் குடுக்குற விதம். ஆஸ்திரேலியாக்காரங்க மரியாதைக்காக எல்லாத்தையும் கேள்வியா கேப்பாங்க, உக்கார விருப்பமா, இப்ப புக்க மூடி வைக்கலாமான்னு. சொல்றத அப்படியே எடுத்துக்குற பிள்ளை, விருப்பமில்லன்னு சொல்லிட்டு போயிட்டே இருக்கும், அது அடாவடி இல்ல, நீங்க கேட்டீங்க அது பதில் சொல்லுச்சு அவ்வளவுதான். நம்ம ஊர்ல வளந்தவங்களுக்கு வேற பிரச்சனை, ஓடாத, தொடாத, கத்தாதன்னு எல்லாமே கூடாதுல முடியும், இல்லன்னா ஏன் இப்படி பண்றன்னு பதில் இல்லாத கேள்வி. ரெண்டையும் விட்டுட்டு, என்ன செய்யணுமோ அத மட்டும், ஒரு தடவைக்கு ஒண்ணே ஒண்ணு, முன்னாடி பேர் சொல்லி கூப்பிட்டுட்டு சொல்ல பழக்குனாங்க. நடந்து போ. பென்சில கீழ வை. கேக்க சப்புன்னு இருக்கும், வேலை செய்யும். கண்ண பாத்து பேசுன்னு பிள்ளைய வற்புறுத்தக்கூடாதுங்கறதும் இதுல வந்துச்சு, சில ஆட்டிசம் பிள்ளைங்களுக்கு அது தாங்கவே முடியாது, அபாரிஜினல், அதாவது ஆஸ்திரேலிய பூர்வகுடி குடும்பங்கள் பலதுல பெரியவங்க கண்ண நேரா பாக்காம இருக்கறதுதான் மரியாதை. நமக்கு இத விளக்கவே வேண்டாம், அப்பா முன்னாடி தலை குனிஞ்சு நின்னவங்கதானே நாம.

படம் வச்சு பேசறதுக்கு ஒரு முழு கிளாஸ் ஒதுக்குனாங்க. முதல்ல இது, அப்புறம் அதுன்னு ரெண்டு படம் ஒட்டுன அட்டை, அன்னைக்கு நடக்கப்போறத வரிசையா காட்டுற சார்ட், பேசும்போதே முக்கியமான வார்த்தைக்கு மட்டும் கையால சைகை காட்டுற கீ வேர்ட் சைன்ல கொஞ்சம் சைகைங்க. பேச்சு வராத பிள்ளைங்க டேப்லெட்ல படத்த தொட்டு பேசும் இல்லையா, அதுல ரெண்டு விஷயம் அழுத்தி சொன்னாங்க. ஒண்ணு, நீங்களும் அந்த டேப்லெட்லயே தொட்டு தொட்டு பேசி காட்டணும், நாம பேசறத கேட்டு குழந்தை பேச்சு கத்துக்குற மாதிரிதான் இதுவும். ரெண்டாவது, தண்டனையா அத பிடுங்கவே கூடாது, அது விளையாட்டு சாமான் இல்ல, அந்த பிள்ளையோட வாய். இது தெரியாம வேலை பாக்குறவங்கள பாத்திருக்கேன், அதனாலதான் எழுதறேன்.

பிள்ளை கோவத்துல கத்தும்போது, சேர தள்ளும்போது என்ன பண்றதுங்கறதும் நல்லா எடுத்தாங்க. நேருக்கு நேர் நிக்காம கொஞ்சம் பக்கவாட்டுல நிக்கணும், குரல இறக்கணும், வார்த்தைய குறைக்கணும், வேடிக்க பாக்குற மத்த பிள்ளைங்கள நகத்தணும். நியாயம் பேசறதெல்லாம் அடங்குனப்புறம்தான், அந்த நேரத்துல அட்வைஸ் காதுல ஏறாது.

இப்ப திட்டறேன். ஆன்லைன் பகுதி சுத்த வேஸ்ட். ஸ்லைடு ஸ்லைடா ஓடும், வீடியோ பாதி அமெரிக்கா ஸ்கூல், ஒர்க்புக்ல ஒரே கேள்விய மூணு யூனிட்ல மூணு விதமா கேட்டிருந்தாங்க, மெயில் போட்டா வாரக்கணக்குல பதில் இல்ல. ஆக்டிவ் லிஸனிங்னா என்னன்னு டெஃபனிஷன் எழுத சொல்றாங்க, எழுதிட்டா பாஸ், ஒழுங்கா கேக்க தெரியுமான்னு யாரும் பாக்கல. மொத்தமும் ஆன்லைன்ல எடுக்கற இடங்களும் இருக்கு, விலை கம்மியா இருக்கும், நம்ம ஆளுங்க நிறைய பேர் அதுலதான் சேர்றாங்க, பேச்ச கத்துக்கறதுக்கு அது ஆகாது. நீச்சல வாட்ஸ்அப்ல கத்துக்கற மாதிரி.

அத விட பெரிய ஓட்டை, டீச்சர்கூட பேசறது எப்படின்னு யாரும் சொல்லியே தரல. ஸ்கூல்ல போய் நின்னா பெல் அடிச்சிடும், டீச்சர் ஒரு தாள நீட்டி, இந்த நாலு பேர அந்த மேஜைக்கு கூட்டிட்டு போங்கன்னு சொல்லுவாங்க, எதுக்கு இந்த கணக்கு, எதுவரைக்கும் உதவலாம், முடிக்கணுமா புரிஞ்சா போதுமா, எதுவும் தெரியாது. இங்கிலாந்துல 2003லேருந்து 2008 வரைக்கும் பீட்டர் பிளாட்ச்ஃபோர்டு குழுவினர் இந்த வேலைய பத்தி பெரிய ஆய்வு ஒண்ணு நடத்தியிருக்காங்க, அதுல உதவியாளரோட அதிக நேரம் இருந்த பிள்ளைங்க, அவங்கள மாதிரியே இருந்து கம்மி உதவி கிடைச்ச பிள்ளைங்கள விட கம்மியாத்தான் முன்னேறியிருக்காங்க. படிச்சப்ப வயித்துல ஏதோ பண்ணுச்சு. ஆனா தப்பு உதவியாளர் மேல இல்லன்னு அவங்களே தெளிவா சொல்றாங்க, டீச்சரோட உக்காந்து பேச நேரமே குடுக்காம, பயிற்சியும் இல்லாம உள்ள அனுப்புனா அந்த மனுஷி என்ன பண்ணுவா, வேலைய முடிச்சு வைக்கணும்னு பதில தானே சொல்லி குடுத்துடுவா. இத எங்க கோர்ஸ்ல ஒரே ஒரு ஸ்லைடுல தாண்டிட்டாங்க, நான் வீட்டுக்கு வந்து தேடி படிச்சேன். அந்த குழுவுல இருந்த ஒருத்தர் வேற சிலரோட சேந்து பின்னாடி போட்ட ஏணி ஒண்ணு, எந்த வரிசையில உதவணும்னு படிப்படியா சொல்றது, ரொம்ப உதவும். முதல்ல பிள்ளைய தானா முயற்சி பண்ண விடு. நின்னுட்டா, அடுத்து என்ன செய்யணும்னு மட்டும் கேளு. அதுக்கும் வரலன்னா ஒரு சின்ன க்ளூ. அப்புறம்தான் செஞ்சு காட்டறது, பதில சொல்றது கடைசி படி. நாம பெரும்பாலும் கடைசிப் படியிலேருந்துதான் ஆரம்பிக்கிறோம், பாசத்துல.

டீச்சர் விஷயத்துக்கு நான் கண்டுபிடிச்ச வழி, பாக்கெட்ல ஒரு சின்ன நோட்டு. யார் எங்க நின்னாங்க, எவ்வளவு உதவி குடுத்தேன்னு ரெண்டு வரி, ரீசஸ்ல டீச்சர் காபி போடும்போது நீட்டிடுவேன். மீட்டிங் கேட்டா கிடைக்காது.

எழுதறத பத்தி கோர்ஸ்ல சொன்னது நல்லாவே இருந்துச்சு, இன்சிடென்ட் ரிப்போர்ட்ல கோவமா இருந்தான்னு எழுதாதீங்க, பென்சில எறிஞ்சான், மேஜைக்கு அடியில போனான், மணி இத்தனைன்னு எழுதுங்க. கண்ணு பாத்தது மட்டும். ஒரு பிள்ளை வீட்டுல நடக்கற கெட்டத உங்ககிட்ட சொன்னா, யார்ட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணக்கூடாது, தோண்டித் துருவி கேக்கக்கூடாது, அது சொன்ன வார்த்தையையே எழுதி ஸ்கூல்ல பொறுப்பா இருக்கறவங்ககிட்ட உடனே சேக்கணும். விக்டோரியாவுல 2014லேருந்து ஒரு சட்டம் இருக்கு, 16 வயசுக்கு கீழ உள்ள பிள்ளைக்கு ஒரு பெரியவர் பாலியல் குற்றம் செஞ்சிருக்கார்னு நம்ப நியாயமான காரணம் இருந்தா போலீஸ்ட்ட சொல்லணும், டீச்சருக்கு மட்டும் இல்ல, 18 தாண்டின எல்லாருக்கும். 2022 ஜூலைலேருந்து 11 சைல்டு சேஃப் ஸ்டாண்டர்டு, அதாவது பிள்ளைங்க பாதுகாப்புக்கு ஸ்கூல் மாதிரி இடங்க கடைப்பிடிக்க வேண்டிய விதிங்க, வேற வந்திருக்கு. இந்த யூனிட்ட மட்டும் தூங்காம படிங்க.

அப்புறம் நம்ம ஆளுங்களுக்குன்னே ஒரு தலைவலி, எந்த டிரெய்னருக்கும் தெரியாதது. கேட்ல நிக்கும்போது ஒரு தமிழ் அம்மா வந்து, "அக்கா, எம்பையன் ஒழுங்கா உக்காந்திருக்கானா, மதியம் சாப்பிட்டானா, அந்த இன்னொரு பையன் ஏன் இவன அடிக்கிறான்?"னு கேப்பாங்க. நாம ஊர்க்காரங்க, சொன்னா என்னன்னு தோணும். சொல்லக்கூடாது. அடுத்த பிள்ளைய பத்தி ஒரு வார்த்தை கூடாது, அவங்க பிள்ளைய பத்தியும் டீச்சர் வழியாத்தான். "டீச்சர்ட்ட ஒரு டைம் கேட்டு பேசுங்கம்மா, அவங்க நல்லா விளக்குவாங்க"ன்னு சிரிச்சுட்டு சொல்லி பழகுங்க, முதல் ரெண்டு தடவை முறைப்பாங்க, அப்புறம் சரியாயிடும். ஸ்கூல்காரங்களும் தமிழ் தெரியும்னு மீட்டிங்ல உங்களயே மொழிபெயர்க்க இழுப்பாங்க, வணக்கம் சொல்லி உக்கார வைக்கிற அளவுக்கு ஓகே, பிள்ளையோட சிகிச்சை, சப்போர்ட் பிளான்னு வந்தா முறையான இன்டர்பிரட்டர் வேணும்னு தைரியமா சொல்லுங்க, 131 450ன்னு அரசாங்க மொழிபெயர்ப்பு சேவையான டிஸ் நேஷனலோட நம்பர் இருக்கு, போன்லயே தமிழ் கிடைக்கும்.

இங்கிலீஷ் பத்தி பயப்படறவங்களுக்கு, ஆக்சென்ட் பிரச்சனையே இல்ல, பிள்ளைங்க ரெண்டே நாள்ல பழகிடும். நமக்குத்தான் அதுங்க பேசறது புரிய டைம் ஆகும். ஸ்கெட்ச் பென்ன டெக்ஸ்டாம்பாங்க, கோள் சொல்றத டாபிங்ம்பாங்க, இதெல்லாம் எந்த யூனிட்லயும் இல்ல, இடைவேளைல வெளிய விளையாடற பிள்ளைங்கள பாத்துக்குற யார்ட் டியூட்டிலதான் கத்துக்கணும்.

மார்க் போடணும்னா நேர்ல கிளாஸ் அஞ்சுக்கு நாலரை, ஆன்லைன் ஒண்ணு, பிளேஸ்மெண்டுக்கு அவங்க பண்ண உதவி முட்டை, ஸ்கூல நானேதான் தேடினேன். சேர்றதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க, வாரம் எத்தனை மணி நேரம் நேர்ல கிளாஸ், டிரெய்னர் கிளாஸ்ரூம்ல வேலை பாத்தவரா, பிளேஸ்மெண்ட்ல ஸ்கூலுக்கே வந்து உங்கள பாப்பாங்களா இல்ல வீடியோ அனுப்ப சொல்வாங்களா. பதில் மழுப்புனா அடுத்த இடத்துக்கு போங்க. பிளேஸ்மெண்டுக்கு வருஷக் கடைசி டெர்ம் 4ல அலையாதீங்க, கான்சர்ட், கிராஜுவேஷன், ரிப்போர்ட்டுன்னு ஆபீஸ்ல யாரும் நிமிந்து கூட பாக்க மாட்டாங்க. டெர்ம் 1 ஆரம்பிச்சு பிள்ளைங்க கொஞ்சம் செட்டில் ஆனதும் பிப்ரவரி கடைசியில ரெஸ்யூமேவ மெயில்ல அனுப்பாம நேர்ல எடுத்துட்டு போய் குடுங்க, எனக்கு அப்படித்தான் கிடைச்சுது.