ஸ்பிரிங்ஃபீல்டு போனா லிங்கனோட வக்கீல் ஆபீஸ விட்டுடாதீங்க

போன மாசம் இல்லினாய் ஸ்பிரிங்ஃபீல்டுக்கு ஒரு வீக்கெண்ட் போயிட்டு வந்தோம். எல்லாரும் லிங்கன் வீடு, சமாதி, பெரிய மியூசியம் மூணையும் பாத்துட்டு கார எடுத்துடுறாங்க, ஆறாவது தெருவும் ஆடம்ஸ் தெருவும் சேர்ற முக்குல இருக்கற செங்கல் பில்டிங்க யாரும் கண்டுக்கறதில்ல. நாங்க போனப்ப டூர்ல மொத்தமே அஞ்சு பேர்தான். லிங்கனும் பார்ட்னர் ஹெர்ன்டனும் ஆபீஸ் வச்சிருந்த இடம் இது.

ஆபீஸ் நம்ம கணக்குல ரெண்டாவது மாடி, படி செங்குத்து, முட்டி வலி இருக்கறவங்க யோசிச்சு ஏறுங்க. கீழ் மாடியில அப்ப ஃபெடரல் கோர்ட் நடந்துச்சு, அதனால மேல ஆபீஸ் போட்டா கேஸ் வர்றது ஈஸி, இன்னைக்கும் கோர்ட் வாசல்லதான வக்கீல் போர்டு தொங்குது! தரையில இருந்த ஒரு ஓட்டை வழியா குப்புற படுத்து கீழ வாதம் நடக்கறத லிங்கன் பாப்பாருன்னு ஒரு கதை சொன்னாங்க, நம்புறதும் நம்பாததும் உங்க இஷ்டம்.

ரூம் சாதாரணமாத்தான் இருக்கு, மேஜை நாற்காலி எல்லாம் பெரும்பாலும் அந்த காலத்து மாதிரி செட் பண்ணி வச்சது. ஆனா அவர் முக்கியமான பேப்பர தொப்பிக்குள்ள சொருகி வச்சுப்பாரு, ஒரு கட்டு மேல "வேற எங்கயும் கிடைக்கலன்னா இதுல பாரு"ன்னு எழுதி வச்சிருந்தாருன்னு கேட்டப்ப என் டேபிள் ஞாபகம் வந்து சிரிச்சிட்டேன். கைடு அம்மா நல்லா பேசறாங்க, கேள்வி கேட்டா இன்னும் நல்லா பேசறாங்க. ஒரே குறை, டூர் சீக்கிரம் முடிஞ்சிடுது, லிங்கன் இல்லினாய் மாநில சட்டசபைக்கு போன கதைய ரெண்டு நிமிஷத்துல ஓட்டிட்டாங்க.

எனக்கு அதுதான் பிடிச்ச பார்ட். 1832ல மொத தடவ நின்னு தோத்தாரு, ஆனா அப்ப குடியிருந்த நியூ சேலத்துல 300 ஓட்டுல 277 இவருக்கு. அப்புறம் பார்ட்னர்ஷிப்ல வச்ச கடை நொடிச்சு கடன் கழுத்த நெரிச்சுது, போஸ்ட்மாஸ்டர் வேலை, நிலம் அளக்கற வேலைன்னு கெடச்சதெல்லாம் செஞ்சாரு. 1834ல ஜெயிச்சதும் சபைக்கு போட்டுட்டு போக நல்ல துணி இல்லாம கடன் வாங்கி சூட் தைச்சாரு. புக்க கடன் வாங்கி தானா சட்டம் படிச்சு 1836ல லைசென்ஸ். அடுத்த வருஷம் இவரும் இன்னும் எட்டு நெட்டையங்களும், மொத்தம் ஒன்பது பேர், 'லாங் நைன்'னு பேரு, சேர்ந்து காய் நகர்த்தி மாநில தலைநகர வாண்டேலியால இருந்து ஸ்பிரிங்ஃபீல்டுக்கு கொண்டுவந்துட்டாங்க. ஏப்ரல்ல இவரே கடன் வாங்குன குதிரையில அந்த ஊருக்கு வந்து எறங்குறாரு, மெத்தை செட் 17 டாலர்னு கேட்டு காசு இல்லன்னு நிக்க, கடைக்காரர் ஜோஷுவா ஸ்பீட் என் கட்டில்லயே பாதி எடுத்துக்கன்னுட்டாரு. தலைநகர தூக்கிட்டு வந்த ஆளுக்கு படுக்க மெத்தை இல்ல!

டைம் இருந்தா மொதல்ல 20 மைல் தள்ளி இருக்கற நியூ சேலம் போயிட்டு அப்புறம் இங்க வாங்க, கதை வரிசையா புரியும். அங்க மரக்குடிசை எல்லாம் திருப்பி கட்டுனது, பீப்பாய் செய்யறவரோட பட்டறை ஒண்ணுதான் அப்போ இருந்த ஒரிஜினல். பசங்களுக்கு ஓட நிறைய இடம் இருக்கு, வெயில்ல போனா தொப்பியும் தண்ணியும் கட்டாயம்.

மத்தியானம் பக்கத்துல ஒரு கடையில ஊர் ஸ்பெஷல் ஹார்ஸ்ஷூ ஆர்டர் பண்ணோம், ரொட்டி மேல கறி, அது மேல மலையா ஃப்ரைஸ், அது மேல சீஸ் சாஸ். முக்கா மணி நேரம் காக்க வச்சு ஆறிப்போய் கொண்டுவந்தாங்க, சாஸ் பசை மாதிரி. ஆபீஸுக்கு அஞ்சுக்கு நாலரை, சாப்பாட்டுக்கு ஒண்ணு, ரெண்டு பேர் சேர்ந்தும் ஒரு பிளேட்ட முடிக்க முடியல.