ஸ்கைலைட் ஒழுகலுக்கு பியூட்டைல் டேப்: டேப் நல்லது, அட்டைப்பெட்டி சொல்வதை நம்பாதீர்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நல்ல பொருள்தான். ஒரு பக்கம் அலுமினியத் தாள், மறுபக்கம் பிசுபிசுவென்று பியூட்டைல் ரப்பர். ஸ்கைலைட்டைச் சுற்றி, அதாவது வெளிச்சத்துக்காகக் கூரையில் பதித்த கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் ஜன்னலைச் சுற்றி, ஒழுகுகிறது என்று கடையில் போய்ச் சொன்னால் இதையோ ஒரு சிலிகான் பசைக் குழாயையோதான் எடுத்துக் கொடுப்பார்கள். என் கூரையில் ஒட்டி ஒரு மழைக்காலம் முழுக்கப் பார்த்தாகிவிட்டது, ஒட்டிய இடத்தில் ஒரு சொட்டுகூட இறங்கவில்லை. ஆனால் அட்டையில் "ஈரத்திலும் ஒட்டும், எந்த ஒழுகலையும் நிறுத்தும்" என்று பெரிதாகப் போட்டிருக்கிறார்களே, அது விற்பனைப் பேச்சு. ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன், குறைத்த ஒன்றரையும் அந்த அட்டைக்காகத்தான்.

டேப் வாங்கும் முன் சொட்டுவது மழைத் தண்ணீர்தானா என்று பாருங்கள். மழையே இல்லாமல், குளிர்ந்த விடியற்காலையில் மட்டும் சொட்டினால் அது ஒழுகலே இல்லை. வீட்டுக்குள் இருக்கும் ஈரக்காற்று மேலே போய்ச் சில்லென்ற கண்ணாடியில் பட்டு நீராக மாறுகிறது, அவ்வளவுதான். குளியலறைக்கும் சமையலறைக்கும் மேலே இருக்கும் ஸ்கைலைட்டில் இது சகஜம். அதற்குக் காற்றோட்டம்தான் வழி, டேப்புக்கு அங்கே வேலை கிடையாது. இரட்டைக் கண்ணாடிக்கு நடுவில் பனி படிந்த மாதிரி மங்கலாக இருந்தாலும் அப்படித்தான், உள்ளே இருக்கும் சீல் போய்விட்டது, கண்ணாடியையே மாற்ற வேண்டும்.

மழைத் தண்ணீர்தான் என்றால் எங்கே நுழைகிறது என்று தெரிய வேண்டும். சொட்டும் இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருக்கும் என்று நினைக்காதீர்கள், தண்ணீர் கட்டையோடு ஓடி எங்கேயோ வந்து விழும். கூரை காய்ந்திருக்கும் நாளில் தோட்டத்துக் குழாயால் ஸ்கைலைட்டின் கீழ்ப்பக்கத்திலிருந்து ஆரம்பித்து, அப்புறம் பக்கவாட்டு, கடைசியில் மேல்பக்கம் என்று ஒவ்வொரு பகுதியிலும் சில நிமிடம் நிதானமாகத் தண்ணீர் விடுங்கள், உள்ளே ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கட்டும். எடுத்ததும் மேலே விட்டால் எல்லாப் பக்கமும் நனைந்து ஒன்றும் புரியாது. பல கூரைகளில் வில்லன் மேல்பக்கம்தான். அங்கே இலைதழையும் மண்ணும் சேர்ந்து தண்ணீரைத் தேக்கி வைக்க, தேங்கியது ஃப்ளாஷிங் தகரத்துக்கு (சட்டமும் கூரையும் சேரும் இடத்தை மூடும் தகரம்) மேலாக ஏறி உள்ளே போகும். குப்பையை வாரிப்போட்டதுமே ஒழுகல் நின்றுபோகும் வீடுகளும் உண்டு, டேப் காசு மிச்சம்.

இப்போது கூரை ஏறும் விஷயம். டேப்போடு வரும் தாளில் இதைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது, எனக்கு அதுதான் எரிச்சல். ஸ்கைலைட் மேல் மிதிக்கவோ உட்காரவோ சாயவோ கூடாது, எவ்வளவு தடிமனாகத் தெரிந்தாலும் சரி. பிளாஸ்டிக் தகடு வெயில் பட்டுப் பட்டு நொறுங்கும் பதத்துக்கு வந்திருக்கும், பார்த்தால் புதுசு மாதிரியே இருக்கும், கால் வைத்தால் நேராகத் தரைக்குத்தான். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டும் இதே ரகம். அது ஆள் எடையைத் தாங்காது, அதோடு அதை உடைப்பதும் துளை போடுவதும் நுரையீரலுக்குக் கேடு, அந்தக் கூரையை ஆள் வைத்தே பாருங்கள். ஏணி சாயும் இடம் 4 மீட்டர் உயரம் என்றால் அதன் அடி சுவரிலிருந்து 1 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும், தலைப்பகுதி கூரை விளிம்பைத் தாண்டி 1 மீட்டராவது நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். பக்கத்தில் மின்கம்பி போனால் அலுமினிய ஏணி வேண்டவே வேண்டாம். கூரை ஈரமாக இருந்தாலோ காற்று அடித்தாலோ அன்றைக்கு விட்டுவிடுங்கள், அதுவரை உள்ளே ஒரு வாளி வைத்தால் போகிறது. சரிவான கூரையில் உறுதியான இடத்தில் கட்டிய கயிறும் முழு உடம்புக்கான ஹார்னஸும் (உடம்பில் மாட்டும் பாதுகாப்புப் பட்டை) இல்லாமல் ஏறுவது டேப் மிச்சப்படுத்தும் காசுக்குத் தகாத வேலை. கீழே கட்டாயம் ஒருவர் இருக்க வேண்டும்.

சரி, ஒட்டுவதற்கு வருவோம். இந்த டேப்புக்கு வேண்டியது சுத்தம், காய்ந்த பரப்பு, அழுத்தம், மூன்றே மூன்று. பழைய சிலிகான் ஒரு இழை இருந்தாலும் அதன் மேல் எதுவும் பிடிக்காது, முழுக்கச் சுரண்டி எடுக்க வேண்டும், இதற்குத்தான் பாதி நேரம் போகிறது. உலோகச் சட்டத்தையும் தகரத்தையும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிட்டு, முதலில் கீழ்ப்பக்கம், அடுத்து இரண்டு பக்கவாட்டு, கடைசியாக மேல்பக்கம் என்று மீன் செதில் மாதிரி மேலே இருப்பது கீழே இருப்பதன் மீது ஏறும்படி ஒட்ட வேண்டும். மாற்றி ஒட்டினால் விளிம்பு மேல்நோக்கி நின்று தண்ணீரை உள்ளே வாங்கும். கையால் தடவினால் போதாது, சின்ன உருளையால் அழுத்தித் தேய்க்க வேண்டும். கடும் குளிரில் பசை விறைத்துக்கொள்ளும், அதனால் வெயில் லேசாக ஏறிய பிறகு ஒட்டுவது நல்லது. சட்டத்தின் அடியில் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும், உள்ளே சேரும் நீர் வெளியேற வைத்தவை அவை, ஓட்டை என்று நினைத்து மூடிவிடாதீர்கள்.

சிலிகானை விட இது எனக்குப் பிடித்ததற்குக் காரணம், பியூட்டைல் இறுகிக் கெட்டியாவதில்லை. 1 மீட்டர் பாலிகார்பனேட் தகடு 30 டிகிரி வெப்ப மாற்றத்தில் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் நீளும், கண்ணாடி அதில் ஏழில் ஒரு பங்குகூட நீளாது. இப்படி நாள் முழுக்க அசையும் இடத்தில் கெட்டியாக இறுகும் பூச்சு சீக்கிரம் கிழிந்துவிடும், இது கூடவே அசைந்து கொடுக்கிறது. கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் நடுவிலுள்ள மெல்லிய இடுக்குக்கு மட்டும் சிலிகான்தான் சரி, டேப் அதற்குள் போகாது. ஆனால் வினிகர் வாசனை அடிக்கும் சிலிகானை வாங்காதீர்கள், அந்த அமிலம் உலோகத்தை அரிக்கும், நியூட்ரல் என்று போட்டிருப்பதைக் கேட்டு வாங்குங்கள். தார் பூசுவது அதைவிட மோசம், அதிலுள்ள கரைப்பான் பிளாஸ்டிக் தகட்டில் விரிசல் விழவைக்கும்.

டேப்பின் குறை என்ன? ஒட்டியதை எடுக்க முடியாது, நாளைக்கு ஸ்கைலைட்டை மாற்ற வருபவர் உங்களைத் திட்டிக்கொண்டே சுரண்டுவார். தகரம் துருப்பிடித்து உளுத்திருந்தால் மேலே டேப் போடுவது தற்காலிகம்தான், தகரத்தையே மாற்ற வேண்டும். கூரை ஏறப் பயந்து உள்பக்கமாக ஒட்டவே கூடாது, சொட்டுவது நிற்கும், தண்ணீர் உள்ளேயே தங்கி மரச்சட்டத்தை அழுகவைக்கும். குறுகிய சுருளைத் தவிர்த்து 10 சென்டிமீட்டர் அகலத்துக்குக் குறையாததாக வாங்குங்கள், சட்டத்தில் பாதி, தகரத்தில் பாதி உட்கார அந்த அகலம் வேண்டும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், வெட்டிய அலுமினிய விளிம்பு பிளேடு மாதிரி கிழிக்கிறது.