ஐ5 கேட்டேன், ஐ5தான் கொடுத்தார்கள்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் 11 ஆண்டுகள் கணக்கு எழுதிவிட்டு, மாமியாரின் உடல்நிலை காரணமாக வேலையை விட்டவள் நான். வீட்டிலிருந்தபடியே மூன்று சிறு கடைகளுக்கு டேலி என்ற கணக்கு மென்பொருளில் கணக்கு ஏற்றி, மாதாமாதம் ஜிஎஸ்டி தாக்கல் செய்து தருவதாக ஏற்பாடாயிற்று. அதற்கு ஒரு கணினி வேண்டியிருந்தது. கல்லூரியில் சேரவிருந்த மகளுக்கும் அதுவே உதவ வேண்டும், 17,000 ரூபாய்க்கு மேல் செலவழிக்கவும் வழியில்லை. அந்த நிலையில் 2025 மே மாதம் கோவை காந்திபுரம் பக்கம் ஒரு கடையில் 16,500 ரூபாய் கொடுத்து வாங்கிய கணினியைப் பற்றியும், அதில் நான் ஏமாந்த விதத்தைப் பற்றியும் இங்கே எழுதுகிறேன். புகார் இன்னும் முடியாததால் கடையின் பெயரைக் குறிப்பிடவில்லை. இதே சரக்கை இதே சொற்களால் விற்கிற கடை அது ஒன்று மட்டுமில்லை என்பதும் பெயரை விட்டதற்கு ஒரு காரணம்.

அலுவலகத்தில் நாள் முழுவதும் கணினி முன் அமர்ந்திருந்தவள்தான் என்றாலும், அதை வாங்கியவர்களும் பழுது பார்த்தவர்களும் வேறு ஆட்கள். கணினியின் மூளையான பிராசஸரில் ஐ3 சுமார், ஐ5 நல்லது, ஐ7 நமக்குக் கட்டுப்படியாகாது என்பதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது. கடைக்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய விலைப்பட்டியலில் ஐ5 பிராசஸர், 8 ஜிபி ராம், 128 ஜிபி எஸ்எஸ்டி, 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், 19 இன்ச் எல்இடி மானிட்டர், விண்டோஸ் 11, ஒரு வருட வாரண்டி என்று எழுதி, கடைசியில் ‘எல்லாம் புதுசு’ என்று சேர்த்திருந்தார். நேரில் போனபோது, பக்கவாட்டில் கண்ணாடி வைத்து, உள்ளே வண்ண விளக்குகள் சுழலும் கேபினெட்டைக் காட்டினார். மகளுக்கு அது பிடித்துவிட்டது. எனக்கும் பிடித்திருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

பணம் கொடுக்கும்போது, பில் வேண்டுமென்றால் 18 சதவீதம் கூடுதலாகும் என்றார். 16,500-க்கு 2,970 ரூபாய். ஊரிலுள்ள கடைக்காரர்களிடமெல்லாம் பில் இல்லாமல் எதையும் வாங்காதீர்கள் என்று ஓயாமல் சொல்கிற நான், அந்த 2,970 ரூபாயை மிச்சம் பிடிக்க ஆசைப்பட்டு, ‘எஸ்டிமேட்’ என்று அச்சடித்த ஒரு துண்டுச் சீட்டை வாங்கிக்கொண்டேன். அதில் ‘சிஸ்டம் 1 செட்’ என்பதும் தொகையும் மட்டுமே இருந்தன. நல்லவேளையாக 10,000 ரூபாயை யுபிஐ வழியாக அனுப்பியிருந்தேன். மீதியை ரொக்கமாகக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

இரண்டு மாதம் ஓடியது. பிரவுசரில் ஐந்தாறு டேப் திறந்தால் தடுமாறும், மகள் வீடியோ வகுப்பில் இருக்கும்போது விசிறி இரையும். மலிவாக வாங்கினால் இப்படித்தான் இருக்கும் என்று நானே சமாதானம் செய்துகொண்டேன். ஆகஸ்ட் 8 அன்று டேலியைத் திறந்தபோது நிறுவனங்களின் பட்டியலே வரவில்லை. டேலி தரவையெல்லாம் ‘டி’ டிரைவில், அதாவது அந்த 500 ஜிபி ஹார்ட் டிஸ்க்கில் வைத்திருந்தேன். ஜூலை மாதத்து விற்பனை விவரப் படிவமான ஜிஎஸ்டிஆர்-1-ஐத் தாக்கல் செய்ய 11-ஆம் தேதி கடைசி நாள். பென் டிரைவில் எடுத்து வைத்திருந்த நகல் ஜூன் மாதத்தோடு நின்றிருந்தது. ஏறத்தாழ 300 பில்களை, பழைய அலுவலகத்துத் தோழி ஒருத்தியின் மடிக்கணினியை இரவல் வாங்கி, மூன்று இரவுகள் விழித்திருந்து மறுபடியும் ஏற்றினேன்.

ஒசூரில் ஒரு தொழிற்சாலையில் கணினிப் பராமரிப்பு பார்க்கிற என் சித்தி மகன் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தான். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைத் திறந்தான். மேலே வலப்பக்கம் பிராசஸரின் முழுப்பெயர் இருந்தது: இன்டெல் கோர் ஐ5-2400. அவன் சிரிக்கவில்லை, “அக்கா, இது 2011-ல வந்தது” என்று மட்டும் சொன்னான்.

இந்த இடத்தில்தான் நான் கற்றுக்கொண்டதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஐ5 என்ற பெயர் 2009 முதல் புழக்கத்தில் இருக்கிறது. அந்தப் பெயரை மட்டும் கேட்பது, வண்டி வாங்கப் போகிறவர் எந்த வருடத்து வண்டி என்று கேட்காமல் மாடலின் பெயரை மட்டும் கேட்பதற்குச் சமம். எந்தத் தலைமுறை என்பது கோட்டுக்குப் பிறகு வருகிற எண்ணில் இருக்கிறது. மேசைக் கணினிப் பிராசஸர்களில், நான்கு இலக்க எண்ணாக இருந்தால் முதல் இலக்கமும், 10400, 12400 போன்ற ஐந்து இலக்க எண்ணாக இருந்தால் முதல் இரண்டு இலக்கங்களும் தலைமுறையைக் குறிக்கும். ஆக, 2400 இரண்டாம் தலைமுறை, 8500 எட்டாம் தலைமுறை, 12400 பன்னிரண்டாம் தலைமுறை. 2022-இல் வந்த ஐ3-12100, பெயரில் ஐ3 என்றாலும், என் ஐ5-ஐ எல்லா வேலையிலும் எளிதாக முந்திவிடும். ஐ3-ஐ விட ஐ5 உயர்ந்தது என்ற என் அரைகுறை அறிவையே கடைக்காரர் எனக்கு விற்றிருக்கிறார்.

இந்த வியாபாரம் நடக்கும் விதத்தையும் தம்பி விளக்கினான். அலுவலகங்களும் வங்கிகளும் கழித்துக் கட்டுகிற பழைய கணினிகளிலிருந்து பிராசஸர், ராம், ஹார்ட் டிஸ்க் ஆகியவற்றைக் கழற்றி எடுக்கிறார்கள். இரண்டாம், மூன்றாம் தலைமுறைப் பிராசஸர்கள் பொருந்துகிற எச்61 வகை மதர்போர்டுகளை, அதாவது பாகங்களைச் செருகுகிற தாய்ப்பலகைகளை, இன்றைக்கும் சீனாவில் சிறு நிறுவனங்கள் புதிதாகச் செய்து, புது அட்டைப்பெட்டியில் போட்டு அனுப்புகின்றன. புதுப் போர்டு, புதுக் கேபினெட், புதுக் கீபோர்டு ஆகியவற்றுக்கு நடுவே பழைய பாகங்களை வைத்து மூடிவிட்டால் ‘புது அசெம்பிள்டு சிஸ்டம்’ தயார். இன்டெல் அந்தப் பிராசஸரின் உற்பத்தியை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகிவிட்டதால், அதைப் புதிது என்று யாராலும் நேர்மையாக விற்க முடியாது. அந்தப் போர்டில் ராம் செருக இரண்டே இடம், அதிகபட்சம் 16 ஜிபி, அதுவும் டிடிஆர்3 என்ற பழைய வகை. இன்றைய டிடிஆர்4, டிடிஆர்5 ராம் எதுவும் அதில் பொருந்தாது. பிறகு தரம் உயர்த்திக்கொள்ளலாம் என்று கடையில் சொன்னார்களே, அது மூன்றாம் தலைமுறையோடு முடிந்துபோகிற உயர்வு.

கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை இறக்கி ஹார்ட் டிஸ்க்கைப் பார்த்தான். அது எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்ற கணக்கை டிஸ்க் தனக்குள்ளேயே எழுதி வைத்திருக்குமாம். 38,412 மணி நேரம் என்று காட்டியது. இரவு பகலாக ஓடினாலும் நான்கு ஆண்டுகளுக்கு மேல் வருகிற கணக்கு அது. என் வீட்டில் அது ஓடியது ஆயிரம் மணி நேரம்கூட இருக்காது. மானிட்டரின் முதுகில் பழைய ஸ்டிக்கரை உரித்த பசைத் தடம் இருந்ததையும் அன்றுதான் கவனித்தேன்.

விண்டோஸ் கதை இன்னும் மோசமானது. விண்டோஸ் 11 இயங்க டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் பிராசஸர்களைப் பொறுத்தவரை, பெரும்பாலும் எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தையவையும்தான் மைக்ரோசாஃப்டின் பட்டியலில் இருக்கின்றன. என்னுடையதில் அந்தச் சோதனையைக் குறுக்கு வழியில் தாண்டி நிறுவியிருந்தார்கள். உரிமம் வாங்காமல், உரிமம் இருப்பதுபோல் காட்டுகிற திருட்டு ஆக்டிவேட்டர் ஒன்றை ஓட்டி, அது பிடிபடாமல் இருக்க வைரஸ் தடுப்பான விண்டோஸ் டிஃபெண்டரையும் அணைத்து வைத்திருந்தார்கள். மூன்று கடைகளின் ஜிஎஸ்டி கடவுச்சொற்களை அந்தக் கணினியில்தான் மூன்று மாதமாக அடித்துக்கொண்டிருந்தேன். எல்லாவற்றையும் அன்றிரவே மாற்றினேன். விண்டோஸ் 10 போட்டுக்கொள்ளலாமே என்றால், அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது.

மறுநாள் கணினியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரர் பதறவில்லை. “ஐ5 கேட்டீங்க, ஐ5 தானுங்களே குடுத்திருக்கறோம்? எந்த ஜெனரேஷன்னு நீங்க கேக்கவே இல்லீங்களேக்கா” என்றார். அந்தப் பதிலில் பொய் ஒன்றும் இல்லை என்பதுதான் எனக்கு ஆத்திரத்தை மூட்டியது. ‘எல்லாம் புதுசு’ என்று எழுதியதைக் காட்டினேன். கேபினெட்டும் போர்டும் புதிதுதான் என்றார். ஹார்ட் டிஸ்க்கைப் பற்றிக் கேட்டதற்கு, ஒரு வருட வாரண்டி போர்டுக்கு மட்டும்தான், டிஸ்க்குக்கு ஒரு மாத டெஸ்டிங் வாரண்டி என்றார். டெஸ்டிங் வாரண்டி என்ற சொல்லையே அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேள்விப்பட்டேன். பழைய பொருளை விற்கிறவர்கள், ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்ளத் தருகிற அவகாசத்துக்கு அப்படியொரு பெயர். அந்தச் சொல் யார் வாயிலிருந்து வந்தாலும் அவர் கையில் இருப்பது பழைய சரக்கு என்று எடுத்துக்கொள்ளலாம்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துப் புகார் பதிந்தேன். பத்து நாள் கழித்துக் கடைக்காரர் தொலைபேசியில் வந்து, வேறொரு ஹார்ட் டிஸ்க் மாற்றித் தருவதாகவும், வேண்டுமானால் 3,000 ரூபாய் திருப்பித் தருவதாகவும் சொன்னார். அந்த வேறொரு டிஸ்க் எத்தனை மணி நேரம் ஓடியது என்று கேட்டேன். இணைப்பு துண்டிக்கப்பட்டது. அதன் பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(47) பிரிவு, பழைய பொருளையோ புதுப்பித்த பொருளையோ புதிது என்று சொல்லி விற்பதையும், பில் தராமல் இருப்பதையும் முறையற்ற வணிக நடவடிக்கைகளாகவே சொல்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மனுக் கட்டணம் இல்லை. வாங்கிய ஊரில்தான் வழக்குப் போட வேண்டும் என்பதில்லை, வசிக்கிற ஊரிலேயே போடலாம். தொழிலுக்காக வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று கடைத் தரப்பில் சொல்லக்கூடும் என்று எனக்கு ஒரு பயம் இருந்தது. சுயதொழில் செய்து தன் பிழைப்பை நடத்துவதற்காக வாங்கியவரும் நுகர்வோரே என்று அதே சட்டம் விளக்கம் தருகிறது. என் கையில் இருக்கிற சான்றுகள் யுபிஐ பதிவும் வாட்ஸ்அப் செய்தியும் மட்டுமே. 2,970 ரூபாய் கொடுத்து பில் வாங்கியிருந்தால் இந்த அலைச்சலில் பாதி இருந்திருக்காது.

செப்டம்பரில், தம்பியை உடன் அழைத்துக்கொண்டு வேறொரு கடையில் இன்னொரு கணினி வாங்கினேன். இதுவும் பழையதுதான். ஆனால் பழையது என்று சொல்லி விற்கப்பட்ட பழையது. ஒரு நிறுவனம் கழித்துவிட்ட, பெயர்பெற்ற பிராண்டு மேசைக் கணினி: ஐ5-8500, 8 ஜிபி டிடிஆர்4 ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி. ஜிஎஸ்டி உட்பட 17,200 ரூபாய். மானிட்டருக்கு, பசைத் தடம் பதிந்த அந்தப் பழையதையே வைத்துக்கொண்டேன். அந்தக் கணினியின் போர்டோடு உண்மையான விண்டோஸ் உரிமம் இணைந்திருந்ததால், விண்டோஸ் 11-க்குத் தனியாக ஒன்றும் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. பணம் கொடுப்பதற்கு முன்பே கடையில் வைத்து டாஸ்க் மேனேஜரையும் டிஸ்க் ஓடிய நேரத்தையும் பார்த்தோம், அவர்களும் முகம் சுளிக்காமல் காட்டினார்கள். இதிலும் ஒரு குறை உண்டு. இந்த பிராண்டு கணினிகளின் பவர் சப்ளை தனி வடிவம் என்பதால், பழுதானால் எல்லாக் கடையிலும் கிடைக்காது.

பில்லில் பிராசஸரின் முழு எண், ராமின் வகை, எஸ்எஸ்டியின் சீரியல் எண், ‘பயன்படுத்தியது’ என்ற சொல், ஆறு மாத வாரண்டி எல்லாம் எழுதி வாங்கினேன். எழுதிக்கொண்டிருந்த பையன் நடுவில் நிமிர்ந்து, “இவ்வளவும் எழுதணுங்களா மேடம்?” என்றான். எழுதச் சொன்னேன்.

போன வாரம் அந்தப் பழைய கடையின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் அதே கண்ணாடிக் கேபினெட் வந்திருந்தது. ஐ5, 8 ஜிபி, எல்லாம் புதுசு, பண்டிகைச் சலுகை 15,999. கோட்டுக்குப் பிறகு எண் இல்லை. ஸ்கிரீன்ஷாட் எடுத்து மனுவின் கோப்பில் சேர்த்திருக்கிறேன்.